கறித்தூள் அரக்கன்

ஸ்ரனிஸ்லாஸுக்கு எந்தக் கதையிலும் நடுப்பகுதி மட்டும்தான் தெரியும். தொடக்கம் தெரியாது, முடிவும் தெரியாது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, ஆளை அறிமுகப்படுத்துகிறேன். என் கணவரின் தங்கை அமலராணியைக் கட்டியவன் என்பதால் அவனைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறது. அந்தக் கல்யாணம் ஓர் அரக்கனால் குழம்பி, அதே அரக்கனால் நிறைவேறியது என்பதால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

மன்னாரில், பேசாலையில், அவன் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தவன். கடைக்காரர் பழைய வாரப் பத்திரிகைகளை நிறுத்து வாங்கி வைத்திருப்பார். அவற்றைக் கிழித்துக் கூம்பாகச் சரை சுற்றி மிளகும் சீரகமும் கட்டிக் கொடுப்பது ஸ்ரனிஸ்லாஸின் பொறுப்பு. சுற்றுவதற்கு முன் கடதாசியை வாசித்துவிடுவான். அதில் ஒரு மாயாஜாலத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. கருவிழியன் என்று ஓர் அரக்கன். கண்ணில் வெள்ளை என்பதே கிடையாது, முழுக்கக் கறுப்பு. வாளால் வெட்டினால் வெட்டு மூடிக்கொள்ளும். நெருப்பில் தள்ளினால் உள்ளே இருந்து குளிர் காய்வான். ஏனென்றால் அவனுடைய உயிர் அவன் உடம்பில் இல்லை, வேறெங்கோ ஒளித்து வைத்திருக்கிறான். எங்கே என்பது அடுத்த வாரம். அடுத்த வாரத்துக் கடதாசியில் யாரோ சீனி கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

எண்பத்தைந்தில் அவன் டென்மார்க்குக்கு வந்தான். விபோர்க்கில் ஓர் அறை கொடுத்தார்கள். காலையில் மொழிப் பள்ளிக்கூடம், அதன்பின் ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவும் வேலை. மிச்ச நேரமெல்லாம் அவனுடையது. அதுதான் தொல்லையாகப் போயிற்று. கடையில் வாய் ஓயாமல் கதைத்துப் பழகியவன், அறையில் ஹீற்றரோடு கதைக்கத் தொடங்கியிருந்தான். ஹீற்றரும் டெனிஷ் ஹீற்றர்தான், தெரியாத ஆட்களோடு கதைக்காது. நூலகம் சூடாக இருக்கும், போனால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்று ஒருவர் சொல்ல, அங்கே போய் இருக்கத் தொடங்கினான்.

நூலகத்தில் ப்ரெபென் என்று ஒருவர் வேலை செய்தார். நெடிய மனிதர், செம்பட்டைத் தாடி, கையால் பின்னிய சுவெற்றர். ஒருநாள் ஸ்ரனிஸ்லாஸ் படப் புத்தகமொன்றில் கடல்நாகத்தின் படத்தைப் பார்த்து, அதற்குப் பல் வைத்த விதம் பிழை என்று தமிழில் புறுபுறுத்துக்கொண்டிருந்தான். ப்ரெபென் பக்கத்தில் வந்து, அரக்கர்களில் விருப்பமா என்று டெனிஷில் கேட்டார். இவனுக்கு விளங்கியது 'விருப்பமா' மட்டும். விருப்பம் என்றான். அப்படியானால் வியாழக்கிழமை பின்னேரம் கீழே நிலவறைக்கு வா என்றார் அவர். தேநீர் தருவார்கள் என்று நினைத்துப் போனான். தேநீரும் கொடுத்தார்கள்தான்.

அங்கே நடந்தது ஒரு விளையாட்டு. ப்ரெபென் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஓலெ என்ற மின்வேலைக்காரன் வாள்வீரன், கிர்ஸ்டன் என்ற ஆஸ்பத்திரித் தாதி வைத்தியக்காரி. 'பாதையில் ஓர் ஓநாய் நிற்கிறது, என்ன செய்கிறீர்கள்?' என்று ப்ரெபென் கேட்டால், என்ன செய்வீர்கள் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதை ஒரு கட்டை உருட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் தாயத்துக்கு உருட்டும் கட்டைக்கு நாலு முகம், இவர்களுடையதற்கு இருபது. குளிர் நாட்டில் பொழுது அவ்வளவு மெதுவாகப் போகிறது.

முதல் நாள் ப்ரெபென் அவனைப் பார்த்து, 'உனக்கு முன்னால் ஓர் இரும்புக் கதவு. திறக்கிறாயா?' என்றார். கேள்வி முழுதும் விளங்கிவிட்ட சந்தோஷத்தில் ஸ்ரனிஸ்லாஸுக்குப் பதில் டெனிஷில் வரவில்லை.

"ஓம்" என்றான்.

நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனை ஓம் சொல்கிறோம். கடையில் உப்பு இருக்கோ? ஓம். சாப்பிட்டாச்சோ? ஓம். 'ஆமாம்' என்பதற்கு எங்களிடம் உள்ள சொல் அது, அதில் பக்தியும் இல்லை, தவமும் இல்லை. ஸ்ரனிஸ்லாஸ் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கன். ஆனால் ஓலெ யோகாசன வகுப்புக்குப் போய் வந்தவன். அவன் உடனே கண்ணை மூடித் தலையைக் குனிந்தான். அவனைப் பார்த்துக் கிர்ஸ்டனும் குனிந்தாள். அந்த மேசையில் ஒரு சட்டம் உண்டு: உட்கார்ந்தபின் உன் வாயில் வருவதெல்லாம் உன் பாத்திரம் சொன்னதாகவே கொள்ளப்படும். ஆகவே தூர தேசத்து யாத்திரிகன் ஒருவன் இரும்புக் கதவின் முன் நின்று மந்திரம் சொல்லியிருக்கிறான். ப்ரெபென் கட்டையை உருட்டினார். இருபது விழுந்தது. கதவு தூளாயிற்று.

அன்றிலிருந்து அவன்தான் அந்தக் கூட்டத்தின் மந்திரவாதி. மந்திரங்களுக்குக் கணக்கு உண்டு, ஒரு நாளைக்குச் சிலதுதான் சொல்லலாம். 'தேநீர் வேண்டுமா?' என்று கிர்ஸ்டன் கேட்பாள். இவன் "ஓம்" என்பான். அன்றைக்கு மிச்சம் வைத்திருந்த மந்திரமும் போய்விடும். தனக்குத் தேநீர் வார்க்கும்போதெல்லாம் ஏன் எல்லாரும் தலை குனிகிறார்கள் என்று அவனுக்கு நெடுநாள் விளங்கவில்லை. டென்மார்க்காரர் நல்ல மரியாதை தெரிந்த ஆட்கள் என்று எனக்கு அவன் ஒருமுறை சொன்னான்.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவரும் முறை வைத்து, தாங்கள் வாசித்த கதையொன்றிலிருந்து ஓர் அரக்கனையோ பிசாசையோ மேசைக்குக் கொண்டுவர வேண்டும். அது லேசான காரியம் இல்லை என்று ஸ்ரனிஸ்லாஸ் எனக்கு வகுப்பே எடுத்திருக்கிறான். புத்தகத்தில் 'மலை போன்ற உடம்பு' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். மேசையில் ஓலெ கேட்பான், மலை என்றால் எத்தனை மீட்டர், வாசலால் உள்ளே வருமா என்று. புத்தகத்தில் அரக்கன் கதாநாயகனுக்காகத் தோற்றுக் கொடுப்பான். மேசையில் அவனுக்கு அந்தக் கடமை இல்லை. ஆகவே பலம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, எதற்குப் பயப்படுவான், என்ன செய்தால் சாவான் என்று எல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். உயிருக்குக்கூட எண் உண்டு. ஓநாய்க்குப் பத்து உயிர், பறவைநாகத்துக்கு எண்பது.

ஸ்ரனிஸ்லாஸின் முறை வந்தபோது அவன் கருவிழியனைக் கொண்டுபோனான்.

'எவ்வளவு உயிர்?' என்று ப்ரெபென் கேட்டார்.

'ஒன்றும் இல்லை.'

'அப்படியானால் செத்துப்போனவனா?'

'இல்லை. உயிரோடுதான் இருக்கிறான். உயிர் அவனிடத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது.'

ப்ரெபென் தாடியைத் தடவினார். 'எந்த இடத்தில்?'

அதுதானே தெரியாது. ஸ்ரனிஸ்லாஸுக்குச் சரைக் கடதாசியின் அடியில் கொட்டை எழுத்தில் இருந்த சொல் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அதற்கான டெனிஷ் சொல்லை முந்திய கிழமைதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தான்.

'ஃபோர்ட்செட்டஸ்' என்றான். தொடரும்.

இப்படி ஒரு கெட்டிக்காரனைத் தான் பார்த்ததில்லை என்று ப்ரெபென் நினைத்துவிட்டார். எனக்கும் சொல்லாதே, நானும் மற்றவர்களோடு சேர்ந்து தேடுகிறேன் என்றார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த வியாழன் கூப்பிடமாட்டார்களோ, மறுபடி ஹீற்றரோடுதான் கதைக்க வேண்டி வருமோ என்று பயம். வாயை மூடிக்கொண்டு தேநீரைக் குடித்தான்.

தேடினார்கள். கிளிகளைப் பிடித்துக் கழுத்தைத் திருகினார்கள். கிணறுகளை இறைத்தார்கள். ஓலெ ஒரு காட்டையே கொளுத்தினான். கிர்ஸ்டனின் வைத்தியக்காரி இரண்டு தரம் செத்து இரண்டு தரம் உயிர்த்தாள். கோபத்தில் அவள் வீட்டிலிருந்து களிமண்ணில் கருவிழியனின் உருவமொன்று செய்து, கண்ணுக்குக் கறுப்பு மை பூசிக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். வைத்ததோடு சரி, கருவிழியன் அசையவில்லை. பெயரைச் சொல்லக்கூட அவர்களால் முடியவில்லை. 'கரு' வரையில் வந்து, 'வி'யில் தட்டுப்பட்டு, 'ழி'யில் விழுந்துவிடுவார்கள். கடைசியில் 'கரி' என்று சுருக்கிவிட்டார்கள். டெனிஷில் கரி என்றால் கறித்தூள். ஏழுலகையும் நடுங்க வைத்த அரக்கனைக் கறித்தூள் என்று கூப்பிடுகிறார்களே என்று ஸ்ரனிஸ்லாஸுக்கு மனவருத்தம்தான். ஆனால் விருந்தாளியாகப் போன இடத்தில் என்ன சொல்வது.

இந்தக் காலத்தில்தான் நாங்கள் அவனுக்குப் பெண் பேசினோம். நாங்கள் என்றால் பிராண்டேயில் இருந்த நானும் என் கணவர் நிக்கலஸும். அமலராணி எங்களோடு இருந்தாள். மாதத்தில் ஒருநாள் நடக்கும் தமிழ்ப் பூசையில் ஸ்ரனிஸ்லாஸ் பாட்டுப் படிப்பான். குடி இல்லை, சிகரெட் இல்லை, பேசாலை ஆள், நல்ல குரல். என் கணவருக்கு அது போதும். அமலராணியை மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். பூசை முடிந்து தேநீர் கொடுத்தபோது அவன் ஒரு அரக்கன் கதை சொன்னானாம், பாதியில் பஸ் வந்துவிட்டதாம்.

"பிறகு என்ன நடந்தது எண்டு கேட்டன் மச்சாள். தெரியாது எண்டுபோட்டு ஓடிப்போய் பஸ்ஸில ஏறிட்டார்."

"ஆளைப் பிடிச்சிருக்கோ?"

"கதை மண்டைக்குள்ள நிண்டு குடையுது" என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் பிடுங்க முடியவில்லை.

என் கணவரைப் பற்றியும் இரண்டு வசனம் சொல்ல வேண்டும். ஊரில் கோயில் மூப்பராக இருந்தவர். தன்னைக் கண்டு நாலு பேர் எழுந்து நிற்பதைப் பார்த்தவர். இங்கே ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் நூல்கட்டை மாற்றும் வேலை. அங்கே மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் ஹெனிங் என்பவன் அவரைப் பார்த்து, 'நிக்கலஸ், சொல்லு பார்ப்போம்' என்பான். சொல்ல வேண்டியது அவர்களுடைய ஓர் இனிப்பின் பெயர், சிவந்த பழக்கூழும் கிறீமும். எழுத்தில் ஒரு மாதிரி இருக்கும், வாயில் 'றோல்குறோல் மெ ஃப்லூல' என்று ஏதோ வர வேண்டும். தொண்டைக்குள் ஏதோ சிக்கினால்தான் அந்தச் சத்தம் வரும். இவர் 'றோட்குறோட்' என்பார். மேசை முழுக்கச் சிரிக்கும். டென்மார்க்கில் வந்து இறங்கும் ஒவ்வொருவனுக்கும் இந்த அபிஷேகம் நடக்கும், அவர்கள் அன்பாகத்தான் செய்கிறார்கள். என் கணவருக்கு அது அன்பாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடிக்கு முன் நின்று சொல்லிப் பார்ப்பார். எனக்குக் கேட்கும், கேட்காத மாதிரி இருந்துவிடுவேன்.

கல்யாணப் பேச்சு கிட்டத்தட்ட முடிந்த சமயத்தில் நேசமலரின் தொலைபேசி வந்தது. விபோர்க்கில் இருப்பவள், ஸ்ரனிஸ்லாஸோடு ஒரே வகுப்பு. பொய் சொல்லமாட்டாள், ஆனால் பார்த்ததை ஒரு சொட்டும் சிந்தாமல் சொல்லிவிடுவாள்.

"அக்கா, நூலகத்துக்குக் கீழ நிலவறை ஒண்டு இருக்கு. யன்னலால கண்டன். உங்கட மாப்பிள்ளை நடுவில இருக்கிறார். மெழுகுதிரி எரியுது. மேசையில ஒரு பேயின்ர உருவம். அவர் ஓம் ஓம் எண்டு மந்திரம் சொல்லுறார், வெள்ளைக்காரர் குனிஞ்சு கும்பிடுகினம். பிறகு கட்டை உருட்டிச் சூதாடுகினம்."

மதம் மாறியவன், பேய் வளர்ப்பவன், சூதாடி. ஒரே மூச்சில் மூன்று. என் கணவர் கொதித்துப் போனார். சம்பந்தத்தை அன்றைக்கே முறிக்கப் பார்த்தார். நேரில் பார்க்காமல் முறிக்கக் கூடாது என்று நான் மறித்தேன். அப்படியானால் வியாழக்கிழமை போவோம் என்றார். அமலராணி ஏற்கெனவே கோட்டைக் கையில் எடுத்து வைத்திருந்தாள்.

"நீ என்னத்துக்குப் பிள்ளை?"

"அவரோட இருக்கப் போறது நான் எல்லோ, அண்ணை."

எண்பத்தாறு கார்த்திகை மாதம். பழைய காரில் பிராண்டேயிலிருந்து விபோர்க்குக்குப் போனோம். என் கணவரின் சட்டைப் பையில் மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தப் போத்தல் இருந்தது. காருக்குள் நினைத்து நினைத்து அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நிலவறைக் கதவைத் தட்டாமலே திறந்தார். நேசமலர் சொன்ன எல்லாம் அச்சுப் பிசகாமல் அங்கே இருந்தன. மெழுகுதிரிக்கு நான் பதில் சொல்லியிருப்பேன், டென்மார்க்காரர் பாண் வெட்டினாலும் பக்கத்தில் ஒரு மெழுகுதிரி கொளுத்தித்தான் வெட்டுவார்கள். ஆனால் களிமண் உருவம் என்னையும் ஒரு கணம் பயமுறுத்தியது. கண் இரண்டும் குழி மாதிரிக் கறுப்பாக இருந்தன. ஸ்ரனிஸ்லாஸ் எங்களைக் கண்டு எழுந்தான். "அண்ணை" என்றான், பிறகு அமலராணியைக் கண்டான்.

என் கணவர் நேரே மேசைக்குப் போனார். சிலுவை அடையாளம் போட்டார். போத்தலைத் திறந்து உருவத்தின் தலையில் தீர்த்தத்தை ஊற்றினார். கண்ணில் பூசியிருந்த மை கரைந்து ஓடியது.

'வீயவான்' என்று ப்ரெபென் மரியாதையோடு சொன்னார். டெனிஷில் தீர்த்தத்துக்கு அதுதான் பெயர். நாங்கள் அறியவில்லை, அந்த விளையாட்டில் பிசாசுகளுக்கு எதிராகத் தீர்த்தம் நல்ல ஆயுதமாம். உண்மையான போத்தலோடு ஒரு மனிதர் உள்ளே வந்து ஊற்றியதை அவர்கள் யாரும் அதுவரை கண்டதில்லை. ஓலெ எழுந்து அவருக்குத் தன் கதிரையைக் கொடுத்தான். ப்ரெபென் கட்டையை உருட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"என்னடா சொல்லுறார்?" என்றார் என் கணவர்.

"தீர்த்தம் வேலை செய்யேல்லையாம், அண்ணை."

"ஆர் சொன்னது?"

"கட்டை சொன்னது."

"மடு மாதாவின்ர தீர்த்தம் வேலை செய்யேல்லை எண்டு சொல்ல இந்தக் கட்டை ஆர்? திருப்பி உருட்டச் சொல்லு. இல்லாட்டி தா இஞ்ச, நான் உருட்டுறன்."

அவர் கதிரையில் உட்கார்ந்தது அப்போதுதான். உருட்டினார். பதினெட்டு. கருவிழியனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோட்டுக் கையை உயர இழுத்துவிட்டு மறுபடி உருட்டினார். பத்தொன்பது. அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. கிர்ஸ்டன் அவருடைய தோளைத் தட்டி, எங்களுக்கும் இதே கதிதான் என்று ஆறுதல் சொன்னாள். பேய் ஓட்ட வந்தவர் பேயோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறார், நான் கோட்டும் கழற்றாமல் நிற்கிறேன்.

"இது என்ன மாதிரிப் பேயடா?" என்று கேட்டார். ஸ்ரனிஸ்லாஸ் விளையாட்டையும் கதையையும் தொடக்கத்திலிருந்து விளங்கப்படுத்தினான். மந்திரம் இல்லை, வெறும் ஓம் என்பதையும் சொன்னான். என் கணவரின் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு, கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டார்.

"சரி, அதின்ர உயிர் எங்க கிடக்கு?"

ஸ்ரனிஸ்லாஸ் அவரைப் பார்த்தான், அமலராணியைப் பார்த்தான். அவளுக்கு முன்னால் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

"தெரியாது அண்ணை. அந்தக் கடதாசி எனக்குக் கிடைக்கேல்லை."

என்ன சொன்னான் என்று ப்ரெபென் கேட்டார். அதையும் ஒளிக்காமல் டெனிஷில் சொன்னான். ஓலெ எழுந்து, 'நான் ஒரு காட்டைக் கொளுத்தினேன்' என்றான். 'நான் இரண்டு தரம் செத்தேன்' என்றாள் கிர்ஸ்டன். ப்ரெபென் கண்ணாடியைக் கழற்றி சுவெற்றரில் துடைத்தார், அதுதான் பார்க்க மிகவும் கஷ்டமாக இருந்தது.

என் கணவர் எழுந்துவிட்டார். "முடிவு தெரியாமல் ஒரு காரியத்தைத் தொடங்கி, இத்தனை பேரை அலைய விட்டிருக்கிறாய். இப்பிடி ஒரு ஆளை நம்பி என்ர தங்கச்சியை எப்பிடிக் குடுக்கிறது? பவளம், வா. போவம்" என்று என்னைக் கூப்பிட்டார்.

பெண்ணும் போய், உட்கார இருந்த ஒரே மேசையும் போய், அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் கணவர் மீது கோபமும் வந்தது. நாங்களெல்லாம் முடிவு தெரிந்துகொண்டா இந்த நாட்டுக்கு விமானம் ஏறினோம்?

"பொறுங்கோ அண்ணை" என்றாள் அமலராணி. "அந்தக் கதை எனக்குத் தெரியும்."

எல்லாரும் திரும்பினோம்.

"எங்கட பள்ளிக்கூடத்தில சிஸ்ரர்மாரின்ர அலுமாரியில அந்தப் பத்திரிகையளைக் கட்டி வைச்சிருந்தவை. கடைசி மட்டும் வாசிச்சனான்."

"எங்க உயிர்?" என்றான் ஸ்ரனிஸ்லாஸ். கல்யாணம் முறிந்ததையே அந்த நேரம் மறந்துவிட்டான்.

அவள் களிமண் உருவத்தைப் பார்த்தாள். மேசையைச் சுற்றி இருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள். "அவன்ர பேரில" என்றாள். "அவனுக்கு நேரே நிண்டு அவன்ர பேரை ஒரு பிழையும் இல்லாமல் சொல்லவேணும். சொன்னால் சரி, விழுந்திடுவான். ஆனா வாற சனம் எல்லாம் பிழையாத்தான் சொல்லுவினம். அதாலதான் அவன் இவ்வளவு காலமும் சாகேல்லை."

ஸ்ரனிஸ்லாஸ் டெனிஷில் சொன்னான். பிறகு ப்ரெபென் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'நாங்கள் இவ்வளவு நாளும் அவனைக் கறித்தூள் என்று கூப்பிட்டோம்' என்று மெதுவாகச் சொன்னார். கிளிகளைக் கொன்றது வீண், காட்டைக் கொளுத்தியது வீண். அரக்கனின் காவல் முழுக்க அவர்களுடைய நாக்கில்தான் இருந்திருக்கிறது. அவர் எழுந்து வந்து ஸ்ரனிஸ்லாஸின் கையைக் குலுக்கினார்.

ஓலெ முதலில் நின்றான். 'கருவிசியன்' என்றான்.

சரியா என்று எல்லாரும் ஸ்ரனிஸ்லாஸைப் பார்த்தார்கள். அரக்கனைக் கொண்டுவந்தவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றார் ப்ரெபென். ஆகவே வாசலருகில் கோட்டோடு நின்ற என் கணவரைப் பார்த்தார்கள்.

அவருடைய முகத்தில் என்ன நடந்தது என்பதை நான் மட்டும்தான் முழுதாகக் கண்டேன். ஒரு வருடமாகத் தொழிற்சாலையில் விழுங்கிய மத்தியானங்கள் எல்லாம் மேலே வந்தன. கோட்டைக் கழற்றி எனக்குத் தந்தார். கதிரையில் போய் உட்கார்ந்தார். காலுக்கு மேல் கால் போட்டார்.

'ஒம் இகென்' என்றார். திரும்பச் சொல் என்பதற்கு மொழிப் பள்ளிக்கூடத்து ரீச்சர் சொல்லும் டெனிஷ். 'ஒம்' என்ற சத்தத்தைக் கேட்டதும் ஓலெ பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்தான்.

கருவிலியன். ஒம் இகென். கருவிரியன். ஒம் இகென். கர்விடியான். அதற்கு அவர் பதில்கூடச் சொல்லவில்லை, விரலை மட்டும் ஆட்டினார். நாக்கை மேலே மடி, மடித்ததைப் பின்னால் இழு, அண்ணத்தைத் தொடாதே என்று கையால் காட்டினார். ப்ரெபென் தாடியைப் பிடித்துக்கொண்டு முயன்றார், ஏதோ விக்கல் மாதிரி வந்தது. என் கணவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததுதான் எனக்கு ஆச்சரியம். "பாவங்கள்" என்று தமிழில் சொல்லிவிட்டு, இன்னும் ஆறுதலாகச் சொல்லிக் கொடுத்தார்.

கடைசியில் கிர்ஸ்டன் களைத்துப்போய் ஒரு உப்பு மிட்டாயை வாயில் போட்டாள். கறுப்பாக, மருந்தும் உப்பும் கலந்த ருசியில் இவர்கள் தின்னும் சாமான் அது. உப்புக்கு நாக்கு உள்ளே சுருண்டுபோன நேரம் பார்த்து அவள் உருவத்தைப் பார்த்துச் சொன்னாள்.

'கருவிழியன்.'

ழகரம் மன்னாரில் பிறந்ததுபோல விழுந்தது. என் கணவர் எழுந்து நின்றார். "சரி" என்றார். பிறகு டெனிஷிலும் சொன்னார். ஓலெ களிமண் அரக்கனைத் தள்ளி விழுத்தினான். கிர்ஸ்டன் மிட்டாயோடு அழுதாள், இரண்டு தரம் செத்தவள் அல்லவா. எல்லாரும் என் கணவரின் முதுகில் தட்டினார்கள். இந்த நாட்டுக்கு வந்தபின் அவரை யாரும் அப்படித் தட்டியதில்லை.

அந்தச் சூட்டோடு அவர் திரும்பி அமலராணியைக் கேட்டார். "என்ன பிள்ளை, உனக்குச் சம்மதமோ?"

"ஓம்" என்றாள்.

டென்மார்க்காரர் மூன்று பேரும் தலையைக் குனிந்தார்கள். ப்ரெபென் கட்டையை உருட்டினார். பதினேழு விழுந்தது. பலித்துவிட்டது என்றார்.

கல்யாணம் தையில் நடந்தது. மூவரும் வந்து முன்வரிசையில் இருந்தார்கள். அதன்பின் என் கணவரும் வியாழக்கிழமைகளில் விபோர்க்குக்கு ஓடத் தொடங்கினார். அவருக்குக் குருவானவர் பாத்திரம் கொடுத்தார்கள். ஆயராக இருந்தால்தான் விளையாடுவேன் என்று நின்று ஆயராகவே விளையாடினார். தொழிற்சாலையில் ஹெனிங் 'சொல்லு பார்ப்போம்' என்றபோது, நீ முதலில் கருவிழியன் சொல்லு என்றாராம். அதோடு அந்த அபிஷேகம் நின்றது. ஸ்ரனிஸ்லாஸ் அதற்குப் பிறகு எத்தனையோ பேய்களையும் பூதங்களையும் மேசைக்குக் கொண்டுபோனான், எல்லாம் சரையில் கிடைத்த அரைகுறைக் கதைகள். அவன் நடுவைச் சொல்வான், அமலராணி முடிவைச் சொல்வாள். வீட்டில் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அவன் பாதியில் நிறுத்தியதும் பிள்ளைகள் 'ஒ சோ?' என்று டெனிஷில் தாயைப் பார்த்துத் திரும்புவார்கள், பிறகு என்ன என்று.

கல்யாணத்தன்று காலை அவளுக்குத் தலை வாரி இழுத்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்.

"அமலி, கொன்வென்ற்றில அந்தப் பத்திரிகையே இல்லையே. நானும் அதே பள்ளிக்கூடம்தான். சிஸ்ரர்மார் அந்த மாதிரிக் கதையளை வாசலுக்கே விடமாட்டினம்."

கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்தாள். "இல்லைத்தான் மச்சாள்."

"அப்ப முடிவு?"

"பூசை முடிஞ்சு அவர் சொன்ன நாளில இருந்து யோசிச்சுக்கொண்டு இருந்தனான், ஒண்டும் வரேல்லை. அங்க போய் அவை கரி கரி எண்டு கூப்பிடக் கேக்கத்தான் வந்தது." ஒரு கொண்டையூசியை எடுத்து என்னிடம் தந்தாள். "அவர் முடிவு இல்லாமல் நிண்டார் மச்சாள். பாக்கப் பொறுக்கேல்லை. என்னட்ட ஒண்டு இருந்தது, குடுத்தன்."

இது இன்றுவரை ஸ்ரனிஸ்லாஸுக்குத் தெரியாது. அந்த முடிவை எழுதிய பத்திரிகைக்காரனைப்போல ஒரு மூளைசாலி இல்லை என்று இப்போதும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, வந்ததும் தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்றான். கொடுப்பேன். அவன் எதையும் கடைசி வரை வாசிக்கிற ஆள் இல்லை.